அளக்காத மூலை

1987 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. காற்று அசையவில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே வழக்கமாக மலை தெரியும் இடத்தில் சாம்பல் மேகம் மட்டும் இருந்தது. நான் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் ஒரு டிராயிங் சுருளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று முடிச்சுக்குக் கயிறு போதுமாக இருந்தது, நான்காவதுக்குப் போதவில்லை. அந்தக் கயிற்றின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மலையில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று யோசிக்காமல் இருப்பதற்குக் கயிற்றோடு சண்டை போடுவது வசதியாக இருந்தது.

கட்டட வரைபட வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் திரையில் வரைகிறீர்கள். கோடு தடிமனாக வேண்டுமா, மெல்லியதாக வேண்டுமா, தொடர்ந்து போக வேண்டுமா, விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்பதெல்லாம் உங்களுக்கு விசையில் ஒரு தட்டு. எனக்கும் அன்று ஒரு தட்டுப் போலத்தான் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. ஆறு டிராயிங் போர்டுகள், ஒன்பது நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், அதில் ஓடுவது ஒன்று. நடத்தியவரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். புதிதாக யார் வந்தாலும் சார் பதினொரு நாள் வெறும் கோடு போட வைப்பார். பாலிடெக்னிக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பதினொன்றாம் நாள் முடிவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "போய்ப் பார்த்ததை முழுக்கோடா போடு. பார்க்காததை வுட்டு வுட்டுப் போடு. இந்த ஆபீஸ்ல மத்ததெல்லாம் அப்புறம்."

பாடப்புத்தகத்தில் இப்படி விட்டுவிட்டுப் போகும் துண்டுக்கோட்டுக்கு வேறு அர்த்தமும் உண்டு. ஆனால் எங்கள் அலுவலகத்தில், தரைமட்டத்தைக் காட்டும் கோடு விட்டுவிட்டு வந்தால், இந்த இடம் இன்னும் அளக்கப்படவில்லை என்று பொருள். கீழே வேலை செய்யும் மேஸ்திரிகளுக்கும் அது தெரியும். அந்த இடம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் கரியாலூருக்கு இந்தப் பக்கம் ஒரு மாணவர் விடுதிக்கு மனை அளக்கப் போனோம். கிழக்கு மேற்காக வரிசையாக நான்கு அறைகள், மொத்த நீளம் எண்பத்து நான்கு அடி. மனையைப் பத்தடிக்குப் பத்தடி கட்டம் பிரித்து, தொண்ணூற்றொரு புள்ளிகளில் தரைமட்டம் எடுக்க வேண்டும். சார் கருவியில் கண் வைத்திருப்பார், அளவுக்கட்டையைப் புள்ளி புள்ளியாகத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவது என் வேலை. தென்கிழக்கு மூலையில் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தது. உள்ளே கதண்டு என்கிற பெருங்குளவியின் கூடு. இரண்டு கதண்டுகள் என் காதருகே வந்து சுற்றின. நான் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

சார் திட்டவில்லை. "வுட்டுடு. அந்த நாலு புள்ளியையும் காலியா எழுதிக்க. கூட்டைக் கலைச்ச அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்றார்.

எண்பத்தேழு அளவுகளோடு திரும்பினோம். நான்கு கட்டங்கள் காலி. பக்கத்துப் புள்ளிகளின் சரிவைப் பார்த்து, அந்த மூலையில் தரை இப்படித்தான் போகும் என்று பென்சிலில் துண்டுக்கோடாக வரைந்தேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

ஜூலையில் ஒரு நாள், மலையிலிருந்து மேஸ்திரியின் ஆள் வரைபடம் வாங்க வந்து வாசலில் நின்றார். கடைசி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பென்சில் தாளின் மேல் டிரேசிங் தாளை விரித்து இங்க்கில் எடுத்துக்கொண்டிருந்தவர் சகுந்தலா அக்கா. அந்த அலுவலகத்தில் பதினான்கு வருடமாக டிரேசர். எங்கள் எல்லோர் கோட்டையும் அவர் கைதான் இறுதியாக்கும்.

"தம்பி, இந்த மூலையில தரைக்கோடு வுட்டு வுட்டு வருது. டாட் டாட்டாவே வுடட்டா, இழுத்துடட்டா?"

துண்டுக்கோடு இங்க்கில் போட நேரமாகும். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் வர வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இழுத்து வுடுங்கக்கா."

இரண்டே சொல். அக்கா இழுத்துவிட்டார். சார் கையெழுத்துப் போட்டார். பிரிண்ட் மலைக்குப் போனது. நான்கு புள்ளிகளை மறுபடி போய் எடுக்க வேண்டும் என்பது என் மனத்தில் இரண்டு வாரம் இருந்தது, பிறகு வேறு வேலைகள் வந்து அதை மூடிவிட்டன. சார் இடையில் ஒரு முறை மலைக்குப் போனார். அன்று மேற்குப் பக்கம்தான் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 17 அன்று இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. மரங்கள் சாலையில் சாய்ந்தன, பஸ் இல்லை, தொலைபேசியில் சத்தமே இல்லை. அலுவலகத்துக்கு வந்தது இரண்டு பேர்: நானும், இரண்டு தெரு தள்ளி இருந்த சகுந்தலா அக்காவும். சார் செவ்வாய்க்கிழமை சேலம் போனவர், சின்னசேலம் வரை வருவதற்குக்கூட வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். வேலை இல்லாததால் அக்கா டிரேசிங் தாள்களைத் தூசி தட்டி அடுக்கினார். விடுதித் தாளைக் கையில் எடுத்தவர் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டார்:

"இந்த மூலையை அப்புறம் போய்ப் பார்த்துட்டு வந்துட்டீங்கல்ல தம்பி?"

பென்சில் தாளை எடுத்தேன். துண்டுக்கோடு. டிரேசிங்கை எடுத்தேன். முழுக்கோடு. லெவல் புத்தகத்தை எடுத்து எண்ணினேன். எண்பத்தேழு. மறுபடி எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் எண்பத்தேழுதான் வரும் என்று தெரிந்தும் மூன்றாவது முறையும் எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை மேல்தளக் கான்கிரீட். அந்த மூலையில் தரை எப்படி இருந்தது, மேஸ்திரி என்ன செய்தார், சுவர் எதன் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. தளம் போட்டுவிட்டால் அதன் கீழே முப்பது பிள்ளைகள் படுப்பார்கள்.

என் முகத்தைப் பார்த்து அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"இங்க்கு நான் போட்டது தம்பி. சார் கேட்டா நான் சொல்லிக்கறேன். நீங்க புதுசு. பயப்படாதீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் விடக்கூடாது என்று எழுதுகிறேன். அன்று இரவு ஒன்பது மணி வரை அந்த நிம்மதியோடு இருந்தேன். பிறகு சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை முப்பத்தொரு மரங்கள் விழுந்து கிடந்தன. பெரும்பாலும் புளி. ஒவ்வொன்றுக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும். பத்தொன்பதாவது மரத்தின் மேல் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போய்க்கினு இருக்க?"

"மலைக்குங்க."

"ஒரு ஈ காக்கா போவல, உனுக்கு இன்னா அவ்ளோ அவசரம்? யாரு வூட்டுப் புள்ள நீ?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அந்த வாரம் எல்லோரும் எல்லோரையும் அதைத்தான் கேட்டார்கள். நான் அலுவலகத்தின் பெயரைச் சொன்னேன்.

"சுருள்ல இன்னா? நோட்டீஸா?"

அவிழ்த்து மரத்தின் மேல் விரித்தேன். ஒரு மூலை சேற்றில் பட்டது. ஒருவர் குனிந்து பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் தின்ற வெடிப்பு.

"இது கட்டடத்தைக் குறுக்கால அறுத்துக் காட்டறது. நான் கொத்து வேலைதான். இதுல இன்னா?"

"இந்தக் கோடு தப்புங்க. அதைச் சொல்லத்தான் போறேன்."

சிரிப்பு வெடித்தது.

"டேய், நம்ம ரோட்டை மறிச்சுக்கினு இருக்கோம், இவரு கோடு கோணலாப் போச்சுன்னு மலை ஏறுறாருடா!"

"பென்சில் வெச்சிருக்கியா, இல்ல அதையும் வூட்ல வுட்டுட்டு வந்துட்டியா?"

கொத்தர் மட்டும் சிரிக்கவில்லை. "மேல தளம் ஊத்தியாச்சா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை."

"அப்ப சிரிக்காதீங்கடா. சைக்கிளைத் தூக்குங்க."

இரண்டு பேர் அடுத்த மூன்று மரங்களுக்குச் சைக்கிளைத் தூக்கி வந்து விட்டார்கள். "திரும்பி வரப்ப நாங்க இருக்கமாட்டோம். வேற ஆளுங்க இருந்தா இதையே சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கச்சிராயபாளையத்தில் பின்சக்கரம் பஞ்சர். ஒட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, அடிவாரத்தில் ஒரு ஜீப் மேலே போக நின்றது. மலைப்பாதையில் மரம் வெட்டவில்லை. சைக்கிளை ஒரு கடையில் விட்டுவிட்டு ஏறினேன். பதினேழு பேர், நான்கு மூட்டை உப்பு. மேகத்துக்குள் முன்விளக்கு போட்டுக்கொண்டு ஜீப் ஊர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் முழுதாக ஒரு நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். மனைக்கு முன்னால் உள்ள வளைவு திரும்பும்போது சத்தம் கேட்டது. ஈரக் கான்கிரீட்டைக் கட்டையால் தட்டும் சத்தம்.

மணி பதினொன்று இருபத்தைந்து. மேற்கிலிருந்து இரண்டு அறைகளுக்குத் தளம் போட்டு முடிந்திருந்தது. மூன்றாவதில் பாதி. கூலியாட்கள் நாற்பத்தாறு பேர், அதில் பத்தொன்பது பேர் தளத்தின் மேல். சட்டிகள் கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. மேலே ஏறும் பலகைச் சாரம் கிழக்கு ஓரத்தில், கான்கிரீட்டைத் தாங்க நான்காவது அறைக்கு அடித்திருந்த பலகையடைப்பில்தான் சாய்ந்திருந்தது. அதாவது ஒவ்வொரு சட்டியும் ஒவ்வொரு ஆளும் அந்த மூலையை மிதித்துத்தான் போனார்கள். நான்காவது அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பலகையைத் தாங்கிய சவுக்கு முட்டுகளில் மூன்று தூளிகள் கட்டியிருந்தார்கள். தூறலுக்கு ஒதுக்கமான இடம் என்று அம்மாக்கள் கண்டுபிடித்திருந்தது அதுதான். மூன்றிலும் குழந்தைகள்.

மேஸ்திரி என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஐம்பது வயது இருக்கும், வேலையில் சுத்தமான மனிதர்.

"அட, எப்படி வந்தீங்க தம்பி? ஞாயித்துக்கெழமைன்னுதான் இருந்துச்சு. கீழ எறங்கிப் போவ வழியில்ல. நாப்பத்தாறு பேருக்கு சோறு போட்டுக்கினு சும்மா உக்கார வைக்கறதா? சிமிட்டி வேற ஈரம் குடிக்குது. ஊத்திட்டேன்."

"மேஸ்திரி, இந்தக் கிழக்கு மூலையில தரை எப்படி இருந்துச்சு?"

அவர் முகத்தில் பெருமிதம் வந்தது. "அதை ஏன் கேக்கறீங்க. புதரை வெட்டிப் பார்த்தா அங்க தரையே இல்ல. ஆள் ஆழத்துக்குப் பள்ளம். ஆனா உங்க டிராயிங்ல கோடு மேல போவுது. சார் ஆபீஸ் கோடு தப்பாதே! ஏழு நாளு மண்ணு கொட்டி, தண்ணி வுட்டு, திமிசு போட்டு இடிச்சு ரொப்பிட்டேன். கோடு எங்க இருக்குதோ அங்க தரையைக் கொண்ணாந்துட்டேன். அதுக்கு மேலதான் அஸ்திவாரம் போட்டேன்."

நான் பாராட்டுவேன் என்று அவர் காத்திருந்தார்.

நான் பயந்தது தரை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்று. என் கோட்டை ஒருவர் உத்தரவாக எடுத்துக்கொண்டு, இல்லாத தரையை ஏழு நாள் சுமந்து வந்து கொட்டுவார் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. துண்டுக்கோடாக இருந்தால் அவர் ஆள் அனுப்பிக் கேட்டிருப்பார். முழுக்கோட்டைப் பார்த்ததால் கேட்கவில்லை.

"வேலையை நிறுத்தணும் மேஸ்திரி."

சிரிப்பு போய்விட்டது. "பாதி ரூம்ல நிறுத்தறதா? யாரு சொன்னா? சார் சொன்னாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தொலைபேசி இல்லை, பாதை இல்லை, யாரும் சரிபார்க்க முடியாது. அவர் உடனே நிறுத்திவிடுவார். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனம் சொன்னது. மூன்று தூளிகளும் கண்ணெதிரில் ஆடிக்கொண்டிருந்தன. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சார் சொல்லவில்லை. சாருக்கு இது தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக அந்த மனிதரிடம் நான் ஏற்கெனவே ஒரு முறை சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் அவர் அந்த மூலையைக் கட்டியிருந்தார்.

"சார் சொல்லல. அவருக்கே தெரியாது. அந்த மூலையை நாங்க அளக்கவே இல்ல. கோடு நான் சும்மா இழுக்கச் சொன்னது."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா இழுத்ததா? ஏழு நாளு மண்ணு சொமந்தோம் தம்பி. இப்ப சும்மா இழுத்தேன்றீங்க. சின்னப் புள்ள பேச்சைக் கேட்டு நான் பாதியில நிறுத்தி, தளம் ஒழுகினா யாரு பதில் சொல்றது? சாரை வரச் சொல்லுங்க. நிறுத்தறேன்."

"கடப்பாரை குடுங்க. ரெண்டே நிமிஷம்."

கம்பி வளைத்துக்கொண்டிருந்த பொன்னன் கடப்பாரையோடு வந்தார். அந்த மலைக்காரர். முதலில் மேற்கு மூலைக்குக் கூட்டிப் போனேன். சுவரோரம் குத்தச் சொன்னேன். ஓர் அடி இறங்க இருபத்திரண்டு குத்து. பிறகு கிழக்கு மூலை. முதல் குத்தில் அரையடி. இரண்டாவதில் இன்னும் அரையடி. மூன்றாவதில் கடப்பாரை பொன்னனின் கையை இழுத்துக்கொண்டு இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் மண் இல்லை, குழம்பு. ஓட்டைக்குள் தண்ணீர் ஊறி வருவது கண்ணுக்குத் தெரிந்தது.

"மழைத்தண்ணி இந்த வழியாத்தான் எறங்கும். அன்னிக்கே சொன்னேன்" என்றார் பொன்னன் மெதுவாக. "கோடு போட்டவங்களுக்குத் தெரியாதாடான்னாரு மேஸ்திரி."

மேஸ்திரி தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். கத்தப் போகிறார் என்று புரிந்து அவர் கையை அழுத்திப் பிடித்தேன்.

"கத்தாதீங்க. கத்தினா பத்தொம்பது பேரும் இந்தச் சாரத்து வழியாத்தான் ஓடி வருவாங்க."

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை நான் வாழ்நாள் முழுக்கப் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். சாரத்தின் அடியில் சட்டி ஏற்றிக்கொண்டிருந்த அந்த மூன்று அம்மாக்களைக் கைகாட்டிக் கூப்பிட்டோம். "பசிக்குது போல, அழுவுது" என்று மேஸ்திரி சாதாரணமாகச் சொன்னார். அவர்கள் குழந்தைகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்வரை நான் சவுக்கு முட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்து நான்கு. பிறகு மேற்குச் சுவரில் ஏணி வைத்து மேலே இருந்தவர்களை அந்தப் பக்கமாக இறங்கச் சொன்னோம், ஒவ்வொருவராக.

"இன்னா மேஸ்திரி, சாப்பாட்டுக்கு முன்னாடியே எறக்கி வுடறீங்க, மலையே குளுந்துடுச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வாயை மூடிக்கினு எறங்கும்மா" என்றார் மேஸ்திரி. பத்தொன்பதாவது ஆள் தரையில் கால் வைத்ததும் அவர் அப்படியே மணல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மூன்றாவது அறை பாதியில் நின்றது. மேஸ்திரிக்கு இப்போது பயம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் வுட்டுடலாம் தம்பி" என்றார். பயம் வந்தவுடன் முழுதாக நிறுத்துவது தைரியம் போலத் தோன்றும். ஆனால் அறையின் நடுவில் கான்கிரீட் இறுகிவிட்டால், மறுநாள் போடுவது அதோடு ஒட்டாது. நல்ல தரையில் நிற்கும் அறையையும் கெடுத்துவிடுவோம். மூன்றாவது அறையின் கிழக்குச் சுவர் கெட்டித் தரையில்தான் நிற்கிறது. அது அளந்த புள்ளி. எண்பத்தேழில் ஒன்று. அந்தச் சுவரின் மேல் கட்டை வைத்து அடைத்து, அதோடு நிறுத்த வேண்டும். அதற்கு அப்பால் ஒரு சட்டிகூடப் போகக்கூடாது.

"அந்தச் சுவரு வரைக்கும் முடிப்போம். ஓரத்தை ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. மேற்குப் பக்கம் புதுசா சாரம் கட்டுங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மேஸ்திரி எழுந்தார். நாற்பது நிமிடத்தில் சாரம் மாறியது. மூன்று நாற்பதுக்கு மூன்றாவது அறை முடிந்தது. நான்கு பத்துக்கு மழை பிடித்துக்கொண்டது.

அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். மூன்றாவது அறைச் சுவரிலிருந்து தென்கிழக்கு மூலையைத் தாண்டி, பள்ளத்துக்கு அப்பால் கெட்டித் தரையில் அடித்த முளை வரை மட்டம் பார்த்து ஒரு கயிறு கட்டி, கயிறு தொடும் இடத்தில் மூலைச்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தேன். கோடு கயிற்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று நூல். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை மேஸ்திரிகள் ஒரு நூல் என்பார்கள். தளம் இல்லாமல், ஆள் இல்லாமல், வெறும் சுவரின் சொந்த எடையிலேயே, ஆறு மணி நேரத்துக்குள் மூன்று நூல். நான் போட்ட ஒரு கோடு என் கண்ணெதிரில் நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கட்டடம் விழவில்லை. அன்றும் விழவில்லை, அடுத்த நாளும் விழவில்லை. தளம் போட்டிருந்தால் விழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டேன்.

சார் ஒரு வாரம் கழித்துத்தான் ஊருக்கு வர முடிந்தது. வந்த மறுநாள் என்னோடு மலைக்கு வந்தார். மூலையைச் சுற்றித் தோண்டிப் பார்த்தோம். திரும்பி வந்து பென்சில் தாளையும் டிரேசிங்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"இழுத்தது நான்தான் சார்" என்றார் சகுந்தலா அக்கா.

"அக்கா கேட்டாங்க, இழுக்கச் சொன்னது நான் சார்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். தான் வாங்கிக்கொள்ள நினைத்த அடியை நான் தட்டிப் பறித்துவிட்டதுபோல.

சார் பென்சில் தாளில் அந்த மூலையின் மேல் விரலை வைத்தார். "அந்த எடத்தைக் காலியாவே வுட்டு அனுப்பியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"மேஸ்திரி கேட்டிருப்பாரு சார்."

"அவ்ளோதான்" என்றார். பிறகு, "கையெழுத்து என்னுது. நானும் கேக்கல. சரி பண்ற செலவுல பாதி என்னுது, பாதி உன்னுது."

அக்கா தானும் ஒரு பங்கு கொடுப்பதாகச் சொன்னார். சார் ஒரே அடியாக மறுத்துவிட்டார். "டாட் டாட்டா வுடட்டா, இழுக்கட்டான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தாம்மா. கேட்டவங்களுக்கும் அபராதம் போட்டா நாளைக்கு இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

அதன் பிறகு நான்கரை வருடம், எங்கே துண்டுக்கோடு வந்தாலும் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். வாயால் கேட்கமாட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். இளையவர்களே, உங்கள் திரையில் கோடு உங்களைப் பார்க்காது. பக்கத்து நாற்காலியில் அப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

மூலைச்சுவரைப் பிரித்து, கொட்டிய மண்ணை அள்ளி, மழைத்தண்ணீருக்கு வேறு வழி விட்டு, கெட்டித்தரையிலிருந்து கல் கட்டி எழுப்ப ஆன செலவு ஏழாயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு ரூபாய். என் பாதி மூவாயிரத்து அறுநூற்று எழுபத்திரண்டு. அப்போது என் சம்பளம் நானூற்றைம்பது. 1987 அக்டோபர் முதல் 1992 மார்ச் வரை ஐம்பத்து நான்கு மாதம், மாதம் அறுபத்தெட்டு ரூபாய் பிடித்தார்கள். அதோடு ஜீப் கூலி நான்கு ரூபாய், பஞ்சர் ஒன்றரை ரூபாய். மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று எழுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு. அளக்காமல் விட்டவை நான்கு. புள்ளி ஒன்றுக்குத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது ரூபாய் முப்பத்தேழரைக் காசு.